மலையகத்தில் குடியிருக்கப் போகிறவர்களுக்கு: கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இடமாற்றம் கிடைத்த ஆசிரியர்கள், வங்கிக்காரர்கள், ஓய்வுக்குப் பிறகு மலையில் ஒரு சின்ன வீடு தேடுகிறவர்கள், வீட்டிலிருந்தே வேலை என்றானபிறகு வெள்ளவத்தை வாடகை எதற்கு என்று யோசிக்கிற இளம் குடும்பங்கள். எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்டபடியே கீழே தந்திருக்கிறோம். மூன்று நாள் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு இதில் பெரிதாக ஒன்றுமில்லை.

1. மலையகம் என்றால் எல்லா இடமும் நுவரெலியா மாதிரிக் குளிருமா?

இல்லை. உயரம்தான் கணக்கு. ஆயிரம் மீற்றர் ஏறினால் சுமார் ஆறரை பாகை குறையும். கொழும்பின் சராசரி வெப்பநிலை 27 பாகை. பண்டாரவளை 1,200 மீற்றருக்குச் சற்று மேலே, அங்கே 20 பாகை அளவு. நுவரெலியா 1,868 மீற்றர், அங்கே 16 பாகை. பதுளை நகரமோ 700 மீற்றருக்குள்தான் இருக்கிறது. மத்தியானத்தில் மின்விசிறி தேடுவீர்கள். கம்பளிக்குக் காசு கொடுக்கமுன் போகிற ஊரின் உயரத்தைப் பாருங்கள்.

ஜனவரி, பெப்ரவரியில் வானம் தெளிந்த இரவுகளில் அம்பேவெல, நுவரெலியா குதிரைப் பந்தயத் திடல் போன்ற தாழ்ந்த வெளிகளில் உறைபனி விழும். குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால் ஒரே ஊரில் பள்ளத்து வீட்டைவிடச் சரிவின் நடுவில் உள்ள வீடு விடியற்காலையில் கதகதப்பாக இருக்கும்.

2. மழை எந்த மாதம்? கொழும்பு மாதிரித்தானா?

எந்தப் பக்கத்துச் சரிவு என்று முதலில் சொல்லுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் மோதும். கினிகத்தேனை, வட்டவளை, ஹற்றன், நோர்வூட், மஸ்கெலியா எல்லாம் அந்த மாதங்களில் நனைந்துகொண்டே இருக்கும். அதே ஜூலையில் மலைக்கு அந்தப் பக்கம் பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் வெயில், கூடவே கூரையைத் தூக்குகிற வரண்ட காற்று. ஊவாத் தேயிலைக்கு மணம் ஏறுவதும் அந்தக் காற்றில்தான். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவக்காற்றில் கதை தலைகீழ்: பதுளைப் பக்கம் மழை, ஹற்றன் பக்கம் வெயில்.

ஒக்டோபர், நவம்பரில் இரண்டு பக்கமும் தப்பாது. காலையில் வெயில், இரண்டு மணிக்கு இடி, மாலையில் கொட்டும். மண்சரிவுகள் அதிகம் நடப்பதும் இந்த மாதங்களையும் அதை ஒட்டிய நாட்களையும் பார்த்துத்தான். வாடகை வீடு பார்க்கப் போகிறவர்கள் அந்தச் சரிவின் மழை மாதத்தில் போய்ப் பாருங்கள். வெயில் காலத்தில் எல்லா வீடும் நல்ல வீடுதான்.

3. அவ்வளவு உயரத்தில் மூச்சு முட்டாதா?

முட்டாது. உயர நோய் பொதுவாக 2,500 மீற்றருக்கு மேல்தான் தலைகாட்டும். பீதுருதாலகால உச்சியே 2,524 மீற்றர்தான். முதல் வாரம் படி ஏறும்போது இளைக்கும், அது மேட்டுக்குப் பழகாத காலின் குறை. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு உயரத்தால் வராத தொல்லை ஈரத்தால் வரலாம், 5ஆம் கேள்வியைப் பாருங்கள்.

4. என்ன உடுப்பு எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

ஒரு தடித்த ஜக்கட்டைவிட மூன்று மெல்லிய அடுக்குகள் மேல். மத்தியானம் ஒன்றைக் கழற்றலாம், நனைந்தால் சீக்கிரம் காயும். ஜீன்ஸ் இரண்டுக்கு மேல் வேண்டாம், மழை மாதத்தில் ஒரு ஜீன்ஸ் காய நான்கு நாள் எடுக்கும். காலுறை எட்டுச் சோடி, சப்பாத்து இரண்டு சோடி (ஒன்று எப்போதும் ஈரமாக இருக்கும்), முழங்கால்வரை வருகிற றப்பர் பூட்ஸ், தலையோடு மூடுகிற மழைக்கோட்டு. ஊவாப் பக்கத்துக் காற்றில் குடை ஒரு நாள் தாங்காது.

பூட்ஸை ஹற்றன் கடைத்தெருவிலேயே வாங்கலாம். தோட்டத்து வழுக்குப் பாதைகளுக்கு எந்த அடி பிடிக்கும் என்று அந்தக் கடைக்காரருக்குத் தெரியும்.

5. உடுப்பு காயவே இல்லை, அலுமாரி முழுக்கப் பூஞ்சணம். என்ன செய்வது?

குளிரை எல்லோரும் பெரிதாக நினைக்கிறார்கள். மலையில் அன்றாட எதிரி ஈரம்தான். குளிருக்குக் கம்பளி இருக்கிறது. ஈரம் படுக்கை, புத்தகம், சான்றிதழ், கமரா லென்ஸ் என்று ஒவ்வொன்றாகப் பிடிக்கும். அலுமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், நான்கு விரல் இடைவெளி விடுங்கள். மண்ணோடு ஒட்டிய பக்கத்துச் சுவரில் அலுமாரியே வேண்டாம். மெத்தையைத் தரையில் போட்டால் ஒரே மாதத்தில் அடிப்பக்கம் கறுக்கும். பலகைச் சட்டத்தில் போட்டு, வெயில் வந்த நாளில் நிமிர்த்தி வையுங்கள்.

குளிருக்குப் பயந்து சன்னலை மூடியே வைப்பதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிற பிழை. சமையல் ஆவியும் மூச்சு ஈரமும் வெளியேற வழியில்லாமல் தகரக் கூரையின் அடியில் குளிர்ந்து, விடிய விடியச் சொட்டும். கூரை ஒழுகுகிறது என்று வீட்டுக்காரரோடு சண்டை பிடிக்கமுன் மழையில்லாத இரவிலும் சொட்டுகிறதா என்று பாருங்கள். காலை பத்து மணி முதல் இரண்டு மணி வரை எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து வையுங்கள். மூடுபனி இறங்கமுன் சாத்துங்கள். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் இறுக்கி மூடுகிற பிளாஸ்டிக் பெட்டியில், சிலிக்கா பொட்டலத்தோடு இருக்கட்டும்.

உடுப்புக்கு அடுப்படிக்கு மேலே கொடி கட்டுவதுதான் ஊர் வழக்கம். புகை மணக்கும் என்பவர்கள் முக்கால்வாசி காய்ந்ததும் இஸ்திரிக்கை போட்டு முடிக்கலாம்.

கரிச் சட்டியைக் கதவடைத்த அறைக்குள் வைத்துக்கொண்டு ஒருபோதும் தூங்காதீர்கள். கரியிலிருந்து வரும் காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும்.

6. பருப்பு வேகுதில்லை, தோசை மா பொங்குதில்லை, தேங்காய் எண்ணெய் போத்தலை விட்டு வருதில்லை. என்ன பிழை?

உங்கள் கையில் பிழையில்லை. நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். எவ்வளவு நெருப்பை ஏற்றினாலும் அதற்கு மேல் போகாது, காஸ்தான் வீண். பருப்பு, கடலை, இறைச்சி எல்லாவற்றுக்கும் பிரஷர் குக்கர் கட்டாயம். கொழும்பில் வைப்பதைவிட ஒன்றிரண்டு விசில் கூட வையுங்கள்.

தோசை மாவுக்கு 28, 30 பாகை வேண்டும், உங்கள் குசினியிலோ 16. உழுந்தையும் அரிசியையும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப் போடுங்கள், வெந்தயம் ஒரு தேக்கரண்டி கூடச் சேருங்கள். அரைத்ததைக் கையால் நன்றாக அடித்துக் கலந்து, மாச்சட்டியை இன்னொரு பெரிய பாத்திரத்தில், கை பொறுக்கிற சூட்டுத் தண்ணீரில் இறக்கிக் கம்பளியால் சுற்றி வையுங்கள். படுக்கப் போகுமுன் தண்ணீரை ஒருதடவை மாற்றினால் காலையில் பொங்கியிருக்கும். சும்மா மேசையில் வைத்தால் ஒரு முழு நாள் போகும், சில நாள் பொங்காமலே புளிக்கும். தயிருக்கும் இதே வழி.

தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையத் தொடங்கும். வாயகன்ற போத்தலில் ஊற்றிக் கரண்டியால் எடுங்கள்.

7. காஸ் சீக்கிரம் முடிந்துவிடுகிறதே?

பாதி நேரம் முடிந்திருக்காது. குளிரில் சிலிண்டருக்குள் திரவம் மெதுவாகத்தான் ஆவியாகும், கடைசிப் பங்கில் அழுத்தம் விழுந்து சுடர் சுருங்கும். சிலிண்டரைச் சீமெந்துத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள், மத்தியானம் சமையுங்கள், மிச்சமும் எரியும். அடுப்போரம் நகர்த்துவதும் கொதிநீர் ஊற்றுவதும் ஆபத்து.

பாதை அடைபட்டால் காஸ் லொறி வராது. 12.5 கிலோ சிலிண்டர் ஒன்று எரியும்போது மற்றது நிரம்பியிருக்க வேண்டும். விறகடுப்பும் இருந்தால் நல்லது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய பிறகு தோட்டங்களில் கிடைக்கிற காய்ந்த மிலாறு, அதாவது வெட்டிப்போட்ட குச்சி, நன்றாகப் பிடிக்கும், ஆனால் சீக்கிரம் எரிந்து தீரும்; இடையே பெரிய கொள்ளி வேண்டும்.

8. வீட்டுக்குத் தண்ணீர் ஊற்றிலிருந்து வருகிறது என்கிறார்கள். நம்பலாமா?

ஊற்று எங்கே என்று கேட்டு, குழாயைப் பிடித்துக்கொண்டே அதுவரை நடந்து பாருங்கள். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கமுன் செய்ய வேண்டிய வேலை இது. பல வீடுகளுக்கு மலையிலிருந்து கறுப்புக் குழாயில்தான் தண்ணீர் வரும். மூன்று இடத்தில் நிற்கும். வாயில் இலையும் மணலும் அடைக்கும்: குழாயின் நுனியைத் தரையில் படுக்க விடாமல் ஒரு சாண் உயர்த்தி, துளை போட்ட போத்தலையோ வலையையோ மாட்டினால் தீரும். குழாய் மேடேறி இறங்குகிற இடத்தில் காற்று அடைத்து நிற்கும்: அந்த மேட்டில் ஒரு ரி மூட்டும் சின்னத் திருகு குழாயும் போட்டு அவ்வப்போது காற்றைத் திறந்துவிட வேண்டும். மூன்றாவது, காட்டுப்பன்றி கிளறியோ வண்டி ஏறியோ உடைப்பது. ஒரு மூட்டும் கிளிப்பும் எப்போதும் வீட்டில் இருக்கட்டும்.

ஊற்றுக்கு மேலே காடோ புல்வெளியோ இருந்தால் கொதிக்க வைத்துக் குடிக்கலாம்; தளதளவென்று கொதித்து ஒன்றிரண்டு நிமிடம் போதும். மேலே கரட், லீக்ஸ், கிழங்குத் தோட்டம் இருந்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், பூச்சிமருந்தும் உரமும் போகாது. கந்தப்பளை, வெலிமடைப் பக்கம் வீடு பார்க்கிறவர்கள் இதை முதலில் விசாரியுங்கள்.

நான்கு பேருக்கு 500 லீற்றர் தாங்கி சிக்கனமாகப் பாவித்தால் இரண்டு நாள் வரும். கனமழைக்குப் பிறகு கலங்கல் தண்ணீர் வரும். தாங்கிக்குள் விடாமல் தெளியும்வரை வெளியே ஓடவிடுங்கள்.

9. ரயிலா, பஸ்ஸா?

சாமான் இல்லாமல், நேரம் இருந்தால் ரயில். ஆனால் நுவரெலியாவுக்குள் ரயில் போகாது. நானுஓயாவில் இறங்கி எட்டுக் கிலோமீற்றர் பஸ்ஸிலோ ஓட்டோவிலோ போக வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டு ரயில் பாதையைப் பல இடங்களில் உடைத்தது. அதற்குப் பிறகு எந்தப் பயணத்துக்கும் வண்டி எதுவரை ஓடுகிறது என்று கோட்டை நிலையத்தில் கேட்டுவிட்டே பயணச்சீட்டு எடுங்கள்.

ஹற்றனுக்கு பஸ் அவிசாவளை, கித்துல்கலை, கினிகத்தேனை வழியாகப் போகும். மேற்குச் சரிவில் மழை பிடித்தால் முதலில் மண் விழுவது இந்தப் பாதையில்தான். அப்போது கண்டி, நாவலப்பிட்டி வழி சுற்ற வேண்டும், அந்த வழியும் திறந்திருந்தால். டிசம்பர் பௌர்ணமி முதல் வெசாக் வரை சிவனொளிபாதமலைப் பருவம், சனி ஞாயிறுகளில் ஹற்றனில் பஸ் பிடிப்பது பெரும்பாடு. ஏப்ரலில் நுவரெலியாவுக்கும் அதே நிலை. வாந்தி வருகிறவர்கள் முன்பக்கம் உட்கார்ந்து பாதையைப் பாருங்கள், போனைப் பார்க்காதீர்கள்.

10. எங்கள் காரை ஓட்டிக்கொண்டு போகலாமா?

போகலாம், இறங்கத் தெரிந்தால். ஏறுவதற்குப் போட்ட கியரிலேயே அந்த இறக்கத்தை இறங்க வேண்டும். றம்பொடை இறக்கத்தில் பிரேக்கிலேயே கால் வைத்து வந்தால் சூடேறி, பிடிக்க வேண்டிய வளைவில் பிடிக்காது. கருகிய மணம் வந்தால் உடனே ஓரம் கட்டி அரை மணித்தியாலம் ஆறவிடுங்கள். ஓட்டோமெட்டிக் காரில் எல் அல்லது 2 எதற்கு இருக்கிறது என்று பலருக்கும் இங்கேதான் தெரியவரும். ஒடுங்கிய பாதையில் ஏறுகிற வண்டிக்கு வழிவிடுங்கள். மூடுபனியில் உயர் வெளிச்சம் போட்டால் உங்கள் கண்ணிலேயே திருப்பி அடிக்கும். தாழ்ந்த வெளிச்சம்தான் போட வேண்டும்.

தோட்டத்து உள்பாதைகள் பலதும் கொழுந்து லொறிக்கும் ட்ரக்டருக்கும் போட்டவை. கார் அடிதட்டும். கடைசி இரண்டு கிலோமீற்றரை ஒரு ஓட்டோ அண்ணனிடம் விடுவது மலிவு.

11. வீட்டிலிருந்து வேலை செய்ய இன்டர்நெட் கிடைக்குமா?

ஒரு மேடு தாண்டினால் சிக்னல் மாறும். "ஊரில் 4ஜி இருக்கு" என்பதில் அர்த்தமில்லை. இரண்டு மூன்று கம்பனி சிம்களோடு போய், அந்த வீட்டின் ஒவ்வொரு அறையிலும், மாலை ஏழு எட்டு மணிக்குச் சோதியுங்கள். கோபுரம் நேராகத் தெரிகிற சன்னலோரம்தான் ரவுட்டருக்கு இடம். மரம் விழுந்து கரண்ட் போவது வழக்கம், எனவே ரவுட்டருக்கென்று ஒரு சின்ன பற்றரி காப்பு வாங்குங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மாலை இடி தொடங்கமுன் எல்லாப் பிளக்கையும் கழற்றுங்கள்.

சுடுநீர்க் ஹீற்றர் பூட்டமுன் வயரிங்கை ஒரு மின்னியலாளரிடம் காட்டுங்கள். பழைய வீடுகளில் நிலத்தொடுப்பு சரியாக இருக்காது.

12. அட்டை, குளவி, புலி எல்லாம் இருக்காமே?

மூன்றும் இருக்கின்றன. பயப்பட வேண்டியது குளவிக்கு. அட்டையை இழுத்துப் பிய்க்காமல் நகத்தால் வாய்ப்பக்கத்தை நெம்புங்கள், அல்லது உப்பு, தேசிக்காய், சவர்க்காரம் ஏதாவது தடவுங்கள், விழுந்துவிடும். இரத்தம் உறையாமல் சற்று நேரம் கசியும், கழுவிக் கட்டினால் போதும். காலுறையில் காய்ந்த சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டு போனால் பாதி ஏறாது.

குளவிக்கொட்டில் தோட்டத் தொழிலாளர்கள் இறப்பது செய்தியில் வந்துகொண்டே இருக்கிறது. உயர்ந்த மரத்திலும் பாறை முகத்திலும் கூடு இருக்கும். கல் எறிவதோ அடியில் புகை போடுவதோ கூடாது. கலைந்து வந்தால் கையை வீசி அடிக்காமல், முகத்தையும் கழுத்தையும் துணியால் மூடிக்கொண்டு வீட்டுக்குள்ளோ வண்டிக்குள்ளோ ஓடுங்கள். பல இடத்தில் கொட்டினாலோ, மூச்சு இறுகினாலோ, உதடு வீங்கினாலோ காத்திருக்காமல் 1990 அம்பியுலன்ஸை அழையுங்கள்.

புலி என்று அங்கே சொல்வது சிறுத்தையை. அதற்கு வேண்டியது உங்கள் நாய். இரவில் நாயை உள்ளே கட்டுங்கள், இருட்டில் டோர்ச்சோடு பேசிக்கொண்டே நடங்கள்.

13. திடீரென்று நோய் வந்தால்?

பெரிய ஆஸ்பத்திரிகள் நுவரெலியாவிலும் பதுளையிலும். ஹற்றன் பக்கத்துக்கு டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலை, அதன் புதிய கட்டடம் 2017இல் திறக்கப்பட்டது. 1990 அம்பியுலன்ஸ் இலவசம்தான், ஆனால் தோட்டத்து மேட்டுப் பாதையில் எல்லா இடத்துக்கும் ஏற முடியாது. வண்டி எதுவரை வரும், அதுவரை ஆளை எப்படி இறக்குவது, இரவு மூன்று மணிக்கு எந்த ஓட்டோக்காரர் எழும்புவார் என்பதைக் குடியேறிய முதல் வாரத்திலேயே பக்கத்து வீட்டில் கேட்டு வையுங்கள். கர்ப்பிணி இருந்தால் கடைசி இரண்டு வாரம் நகரத்தில் தங்க வைப்பது நல்லது. தொடர்ந்து எடுக்கிற மருந்து ஒரு மாதத்துக்குக் கையிருப்பில் இருக்கட்டும்.

14. வீடு மண்சரிவில் போகுமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வீட்டைப் பார்க்கமுன் வீட்டின் முதுகைப் பாருங்கள். பின்னால் மலையைச் செங்குத்தாக வெட்டி, தாங்குசுவர் கட்டாமல் விட்டிருந்தால் வேண்டாம். சுவர் கட்டியிருந்தால் அதில் தண்ணீர் வடியும் குழாய்கள் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அடைபட்டிருந்தால் அந்தச் சுவர் தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கிறது என்று பொருள். இரண்டு சரிவு சேருகிற குழிவிலோ ஓடையின் வாயிலோ கட்டிய வீட்டுக்கு மேலே எவ்வளவு காடு இருந்தாலும் நம்பாதீர்கள். மேலேயிருக்கிற வீட்டின் கழிவுநீர் எங்கே ஓடுகிறது என்றும் கேளுங்கள்.

குடியிருக்கும்போது கவனிக்க வேண்டியவை: நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு, திடீரென இறுகிக்கொள்கிற கதவு, சாய்கிற மின்கம்பமும் மரமும், முன்பில்லாத இடத்தில் ஊறுகிற தண்ணீர், வழக்கமான ஊற்று திடீரென நிற்பது அல்லது சேறாக வருவது. 2ஆம் பதிலில் சொன்ன மாதங்களில் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கிராம சேவகருக்குச் சொல்லிவிட்டு இடம் மாறுங்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயன்கள் மண்ணுக்குள் போனது காலை வேளையில். இரவு மட்டும்தான் ஆபத்து என்று எண்ண வேண்டாம்.

15. மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு எச்சரிக்கை என்கிறார்களே, எப்போது வெளியேற வேண்டும்?

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுகிற அறிவித்தல் அது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும், 150 தாண்டினாலோ ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலோ வெளியேற வேண்டும். அறிவித்தல் பிரதேச செயலகப் பிரிவு முழுவதற்கும் வரும், மழையோ ஒரு மலைக்கு மட்டும் கொட்டும். எனவே நீங்களே அளங்கள். நேரான சுவருள்ள வெற்றுப் பால்மாத் தகரம் ஒன்றை, கூரைக்கும் மரத்துக்கும் விலகி வெளியில் வைத்து, தினமும் ஒரே நேரத்தில் அடிமட்டத்தால் அளந்து கொட்டிவிடுங்கள். ஏழரை சென்றிமீற்றர் நின்றால் அது மஞ்சள்.

சிவப்பு வந்தபின் சாமான் கட்டாதீர்கள். பை செம்மஞ்சளிலேயே கதவோரம் இருக்க வேண்டும்: 5ஆம் பதிலில் சொன்ன ஆவணப் பெட்டி, மருந்து, டோர்ச், காசு. போகும்போது ஓடையின் வழியே கீழே இறங்காமல் பக்கவாட்டாக விலகி மேட்டுக்குப் போங்கள். மண் ஓடையைப் பிடித்துத்தான் இறங்கும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

16. லயத்தில் ஒரு வீட்டை விலைக்குத் தருகிறேன் என்கிறார் ஒருவர். வாங்கலாமா?

வாங்காதீர்கள். பெருந்தோட்டக் காணிகள் அரசுக்குச் சொந்தம். 1992இல் தொடங்கிய ஏற்பாட்டின்படி கம்பனிகள் குத்தகைக்குத்தான் நடத்துகின்றன. குடியிருக்கிறவர் கையிலேயே உறுதி இல்லாதபோது உங்களுக்கு எதை எழுதித் தருவார்? லயத்துக் குடும்பங்கள் தலைமுறையாகக் காணியுரிமை கேட்டுப் போராடுகிற நாட்டில், கொழும்புக் காசோடு போய் அந்தக் காம்பராவை மடக்குவது நியாயமும் இல்லை.

வெளியே தனியார் காணி கிடைக்கும். சட்டத்தரணியை வைத்து உறுதியின் வரலாற்றைத் தேடச் சொல்லுங்கள். ஸ்வர்ணபூமி, ஜயபூமி போன்ற அரச மானியப் பத்திரம் என்றால் பிரதேச செயலாளரின் சம்மதமில்லாமல் கைமாற்ற முடியாது. கட்டப் போகிறீர்கள் என்றால் 15ஆம் பதிலில் சொன்ன நிறுவனத்தின் அறிக்கையைப் பிரதேச சபை கேட்கும். முற்பணம் கொடுக்கமுன் அந்த அறிக்கை கிடைக்குமா என்று பாருங்கள்.

17. தோட்டத்து ஆட்களோடு பழகுவது கஷ்டமா?

கஷ்டம் பெரும்பாலும் போகிறவரின் தலையில்தான் இருக்கிறது. 1823 முதல் கணக்கிட்டு 2023இல் மலையகத் தமிழர் தங்கள் முன்னோர் இந்தியாவிலிருந்து வந்து 200 ஆண்டானதை நினைவுகூர்ந்தார்கள்; 1948இல் பறிக்கப்பட்ட குடியுரிமை முழுமையாகத் தீர 2003 வரை ஆனது. அவர்கள் பேச்சைப் பார்த்துச் சிரிக்கவோ "தோட்டக்காட்டு" என்று வாய்விடவோ வேண்டாம். மூத்தவர்களை அண்ணே, அக்கா என்று அழையுங்கள், வாங்க போங்க என்று பேசுங்கள். தோட்டத்துக்குள் வீடு என்றால் தோட்டத் தலைவரையும் அலுவலகத்தையும் முதலிலேயே பார்த்துச் சொல்லிவிடுங்கள். கோயில் திருவிழாவுக்கு வரி கேட்டு வந்தால் மற்றக் குடும்பங்கள் கொடுக்கிற அளவு கொடுங்கள். ஒரு சாவு விழுந்தால் தோட்டமே வேலைக்குப் போகாது. உங்கள் வீட்டில் மேசன் வேலை நடந்தாலும் அன்று நிற்கும்.

18. கடிதம், பார்சல் எல்லாம் வருமா?

லயங்களுக்குத் தனி இலக்கம் இல்லாத இடங்களில் கடிதம் தோட்ட அலுவலகம் வரைதான் வரும், அங்கிருந்து கைமாறி வரத் தாமதமாகும். நேர்முகப் பரீட்சைக் கடிதம், வங்கி அட்டை மாதிரியானவற்றுக்கு நகரத்துத் தபாலகத்தில் நீங்களே போய் எடுக்க ஒழுங்கு செய்யுங்கள். கூரியர்காரர் மேலே ஏறமாட்டார். ஒரு கடைக்காரரோடு பேசி அவர் விலாசத்தையும் போன் இலக்கத்தையும் கொடுங்கள், அவரிடமே மாதச் சாமானும் வாங்குங்கள். 10ஆம் திகதியை ஒட்டித் தோட்டங்களில் சம்பளம் போடுவார்கள், அந்த இரண்டு மூன்று நாள் கடையிலும் பஸ்ஸிலும் நிற்க இடமிருக்காது. பார்சல் எடுக்க வேறு நாளில் இறங்குங்கள்.